அக்காளுக்குத் தீ, தங்கைக்குத் தொட்டி

மார்ச் மாத ஒக்லஹோமா. புல் இன்னும் துளிர்க்கவில்லை. முழங்காலுக்கு மேல் வளர்ந்து காய்ந்து, வைக்கோல் நிறத்தில் சரசரத்துக்கொண்டிருக்கிறது. வேலியோரம் நாலைந்து பிக்கப் வண்டிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் தண்ணீர்த் தொட்டி, சுருட்டிவைத்த குழாய். அக்கம்பக்கத்து மாட்டுப் பண்ணைக்காரர்கள் கூடியிருக்கிறார்கள். இன்று ஒருவர் நிலம், இன்னொரு நாள் அடுத்தவர் நிலம் என்று முறைவைத்து எரிக்கும் கூட்டு இது. எல்லோர் உடம்பிலும் பருத்தித் துணி. நைலான் என்றால் அனல் பட்டு உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

வயதான பெண்மணி ஒருவர் ஒரு கொத்துப் புல்லைப் பிடுங்கி உள்ளங்கையில் நெரிக்கிறார். நொறுங்குகிறது. சரி என்று தலையை ஆட்டுகிறார். காற்று தெற்கிலிருந்து வீசுகிறது. ஆகவே வேலை வடக்கு எல்லையில் தொடங்குகிறது. கையில் தூக்கிப் போகும் உலோகக் குடுவையின் மூக்கில் திரி எரிகிறது. சாய்த்தால் டீசலும் பெட்ரோலும் கலந்த எண்ணெய் நெருப்புச் சொட்டுகளாகப் புல்லில் விழுகிறது. காற்றை எதிர்த்துப் போக வேண்டியிருப்பதால் அந்தத் தீக்கு அவசரம் இல்லை. கணுக்கால் உயரத்தில் ஊர்கிறது. வடக்கே அகலமாக ஒரு கரிப் பட்டை விழுந்த பிறகுதான் தெற்குப் பக்கத்தில் கொளுத்துகிறார்கள். இப்போது காற்று தீயின் கட்சி.

புல் எரியும் ஓசை வேறு, மரம் எரியும் ஓசை வேறு. ஆளுயர மரம் ஒன்றைத் தீ தொடுகிறது. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அடியிலிருந்து நுனிவரை ஒரே மூச்சில் பற்றிக்கொண்டு, மரத்தின் உயரத்தைப் பலமடங்கு தாண்டிச் சுடர் எழுகிறது. எண்ணெய்ப் பசை மிகுந்த இலைகள் சடசடவென்று வெடிக்கின்றன. கறுத்த புகை சுருண்டு மேலே போகிறது. தீ அடுத்த மரத்துக்கு நகர்ந்துவிடுகிறது. நின்ற இடத்தில் கரிக் குச்சிகள்.

யாரும் வருந்தவில்லை. ஒருவர் வண்டியின் பின்கதவைச் சாய்த்துக் காப்பி ஊற்றுகிறார்.

எரிகிற மரத்தின் பெயர் ஜூனிபெரஸ் வர்ஜீனியானா. ஊர் வழக்கில் ரெட் செடார். உண்மையான செடார் அல்ல, ஜூனிபர். தீக்குத் தப்பிய ஓரத்து மரம் ஒன்றின் கிளையை ஒடித்துப் பார்த்தால் இலைகள் இலைகளாகவே தெரியாது. குச்சியோடு படிந்த பச்சைச் செதில்கள். இளங்கிளையில் மட்டும் ஊசிபோல் நீட்டி விரலைக் குத்தும். பெண்மரமானால் நீலநிறக் காய்கள். கட்டை விரலால் தேய்த்தால் மேலிருக்கும் வெண்மெழுகு போய், அடியில் கருநீலம் தெரிகிறது. நசுக்கினால் கிளம்பும் வாசனை ஜின் குடிப்பவர்களுக்குப் பழக்கமானது. அந்த மதுவுக்கு மணம் கொடுக்கும் ஜூனிபர் இதற்கு உறவுக்காரன். மரத்தை வெட்டினால் வரும் மணம் பென்சில் சீவுகிற மணம். அதில் வியப்பில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை பென்சில் என்றாலே இந்த மரம்தான். டென்னசிக் காடுகள் தீர்ந்து மரம் கிடைக்காமல் போனபோது, பென்சில் கம்பெனிக்காரர்கள் பண்ணை வீடுகளுக்குப் போய்ப் பழைய வேலிக்கட்டைகளை விலைபேசி வாங்கியிருக்கிறார்கள்.

இதே மரத்துக்காக வர்ஜீனியாவில் வழக்கு நடந்தது. வசந்த கால மழைக்குப் பிறகு சில கிளைகளில் பழுப்பு நிற உருண்டைகள் ஊறிப்போய், அவற்றிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கொழகொழவென்று கொம்புகள் புறப்படும். மரத்தில் ஏதோ கடல் பிராணி ஏறி உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். அது ஒரு துருப் பூஞ்சை. செடாரைக் கொல்லாது, ஆனால் வித்துகள் காற்றில் போய் ஆப்பிள் இலையைப் பாழாக்கும். ஆப்பிள் விவசாயிகளுக்காக வர்ஜீனியா சட்டம் கொண்டுவந்தது. தோட்டத்துக்கு அருகிலுள்ள செடார்களை வெட்டச்சொல்ல மாநிலப் பூச்சியியல் அதிகாரிக்கு அதிகாரம். மரத்துக்கு இழப்பீடு கிடையாது. அழகுக்காக வளர்த்தவர்கள் உச்சநீதிமன்றம்வரை போனார்கள். 1928இல் மில்லர் எதிர் ஷோன் வழக்கில் தீர்ப்பு: இரண்டில் ஒன்றுதான் பிழைக்கும் என்றால், ஊருக்கு எது அதிகம் பயன்படுமோ அதைக் காக்க அரசுக்கு உரிமை உண்டு. ஆப்பிள் ஜெயித்தது.

ஆறே ஆண்டுகளில் அதே நாட்டின் மத்திய அரசு செடாரைக் கூப்பிட்டனுப்பியது. 1930களின் புழுதிப் புயல்கள் உழுத நிலத்தின் மேல்மண்ணை வாரிக்கொண்டு போனபோது, டக்கோட்டாக்களிலிருந்து வட டெக்சாஸ்வரை காற்றுத்தடுப்பு மரவரிசைகள் நட ரூஸ்வெல்ட் அரசு திட்டம் போட்டது. 1934 முதல் 1942வரை 20 கோடிக்கும் மேற்பட்ட மரங்கள். வறட்சியையும் பனியையும் பொறுத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும் ரெட் செடார் அந்த வரிசைகளில் முக்கியமான மரம். அதற்குப் பிறகும் நாற்றுப்பண்ணைகள் அதை விற்றன, விவசாயிகள் நட்டார்கள்.

நடாமலே முளைத்ததுதான் அதிகம். சாலையில் போகிறபோது முள்கம்பி வேலிகளைக் கவனித்தால் போதும். கம்பிக்கு நேர் கீழே, அளந்து வைத்த வரிசையில் செடார்கள். காயைத் தின்ற பறவை கம்பியில் உட்கார்ந்து எச்சமிடுகிறது. குடல் வழியாக வந்த விதை சீக்கிரம் முளைக்கிறது. செடார் மரம் இந்தச் சமவெளிக்கு அந்நியமானதல்ல. அது முன்பும் இங்கே இருந்தது; ஆனால் பாறைச் சரிவிலும் பள்ளத்தாக்கின் மடிப்பிலும் ஒதுங்கியிருந்தது. மின்னலும், புல்லைப் புதுப்பிக்கத் தீ வைத்த பூர்வகுடிகளும் அதைப் புல்வெளிக்கு வரவிடவில்லை. அந்த மக்களுக்கு இந்த மரத்தோடு பகை ஒன்றும் இல்லை. அதன் இலையைத் தணலில் இட்டு வரும் புகையைச் சடங்குகளில் பயன்படுத்தினார்கள், இன்றும் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் விரட்டப்பட்டார்கள். புதிதாக வந்து குடியேறியவர்களுக்குத் தீ என்றால் வைக்கோல் போரும் வீடும்தான் நினைவுக்கு வந்தன. அணைத்தார்கள். மரம் இறங்கி வந்தது.

ஒக்லஹோமாவில் மட்டும் நாளொன்றுக்கு 762 ஏக்கர் புல்வெளியைச் செடார் விழுங்குகிறது என்று இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கணக்கிட்டார்கள். அடர்ந்த செடார் நிழலில் புல் செத்துப்போகிறது. மாட்டுக்குத் தீவனம் இல்லை. சிறிய பிரெய்ரிக் கோழி என்ற பறவைக்கு மரமே பிடிக்காது. மரமிருந்தால் அதில் பருந்து உட்காரும் என்பது அதன் கணக்கு. கன்சாஸில் ஆராய்ந்தபோது, ஹெக்டேருக்கு இரண்டு மரத்துக்கு மேல் இருந்த இடத்தில் பெட்டைகள் கூடு வைக்கவில்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் ரெட் செடாருக்கு எதிரே எழுதியிருப்பது ‘கவலை குறைந்த இனம்’. பட்டியல் பொய் சொல்லவில்லை. அது கவலைப்படுவது மரம் அழிந்துவிடுமோ என்று. இந்தப் பண்ணைக்காரர்களின் கவலை வேறு.

இவர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. கடைசிப் பச்சைக் கிளைக்குக் கீழே வெட்டிவிட்டால் ரெட் செடார் மறுபடி தளிர்க்காது. தீயில் இலை முழுவதும் போனாலும் அப்படியே. பெரிய மரங்கள்தான் தொல்லை. அடியில் புல் இல்லாததால் புல்தீ அவற்றை எட்டுவதில்லை. அதனால் குளிர்காலத்திலேயே சிறு மரங்களை அறுத்து, பெரிய மரங்களின் அடியில் திணித்துக் காயவிடுகிறார்கள். நெப்ராஸ்காவின் பள்ளத்தாக்குகளில் இப்படித்தான் மலைச்சரிவு மலைச்சரிவாக மீட்டுவருகிறார்கள்.

*

கேப் ஹாட்டெரஸ் முனையிலிருந்து அட்லாண்டிக்கில் ஆயிரம் கிலோமீட்டர் தாண்டினால் பெர்முடா. 54 சதுர கிலோமீட்டர். சுண்ணாம்புக் கல் மண், மழைநீரைப் பிடிப்பதற்காகப் படிப்படியாகக் கட்டி வெள்ளையடித்த கூரைகள்.

ஒரு வீட்டின் பின்புறம் ஒரு மரம் நிற்கிறது. முக்கால் பங்கு செத்த மரம். பட்டை உரிந்து, முறுக்கிய கிளைகள் வெயிலிலும் உப்புக் காற்றிலும் வெளுத்து வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வந்திருக்கின்றன. ஒரே ஒரு கிளையில் மட்டும் பச்சை. தண்டில் ஒரு பக்கமாக, நாடா அகலத்துக்கு உயிருள்ள பட்டை ஓடி அந்தக் கிளைக்குச் சாறு கொடுக்கிறது. அருகில் போனால் அதே செதில் இலை, அதே நீலக் காய். வெட்டுப்பட்ட இடத்தில் அதே சிவப்பு. ஜூனிபெரஸ் பெர்முடியானா. தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் 1753இல் இரண்டுக்கும் ஒருசேரப் பெயரிட்டார். எப்போதோ கண்டத்திலிருந்து பறவை வயிற்றில் வந்த விதையின் வழித்தோன்றல் என்பது தாவரவியலாளர் கணிப்பு. அக்காள் அங்கே தங்கிவிட்டாள். தங்கை கடல் தாண்டிக் குடித்தனம் போட்டாள். உலகில் வேறெங்கும் இயற்கையாக இந்த மரம் இல்லை.

1609இல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனுக்குப் போகவேண்டிய ‘சீ வென்ச்சர்’ கப்பல் இந்தத் தீவின் பவளப் பாறையில் மோதியபோது, கரையேறியவர்கள் கண்டது தீவு நிறையச் செடார்க் காடு. அந்த மரத்தையும் உடைந்த கப்பலின் மிச்சத்தையும் வைத்து இரண்டு சிறு கப்பல்கள் கட்டி, அடுத்த ஆண்டு அவற்றிலேயே வர்ஜீனியாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பின்னால் நிலையாகக் குடியேறியவர்களுக்கு இதுவே கூரை உத்தரம், கதவு, பெட்டி, தொட்டில், சவப்பெட்டி. செயின்ட் ஜார்ஜ் ஊரின் பழைய தேவாலயத்தில் அண்ணாந்து பார்த்தால் சிவந்த உத்தரங்கள் இன்றும் தெரிகின்றன. 18ஆம் நூற்றாண்டில் பெர்முடா ஸ்லூப் என்ற பாய்க்கப்பல் வேகத்துக்குப் பேர் வாங்கியதற்குக் காரணமும் இந்த மரம்: கனமில்லை, உளுக்காது, புழு துளைக்காது, பதப்படுத்தக் காத்திருக்கத் தேவையில்லாமல் வெட்டியவுடனே வேலைக்கு எடுக்கலாம். வெட்டி வெட்டிக் காடு குறைந்தது. கப்பல் தொழில் ஓய்ந்ததும் மறுபடி வளர்ந்து மூடியது. கோடாரிக்கு அது ஈடுகொடுத்தது.

கிளையின் மேல் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்க்க வேண்டும். செதில் இலைமேல் வெள்ளையாக ஒரு புள்ளி. அகலம் ஒரு மில்லிமீட்டர் வரும். பக்கத்தில் பழுப்பாக, நீளவாக்கில், சிப்பி வடிவில் இன்னொன்று. ஊசிமுனையால் நெம்பினால் மூடி கழன்று வருகிறது. உள்ளே காலோ இறக்கையோ இல்லாத ஒரு மஞ்சள் பிசின் துளி. அதுதான் பூச்சி. குஞ்சாக இருக்கும்போது மட்டும் கால் உண்டு. ஊர்ந்தோ காற்றில் மிதந்தோ ஓரிடம் பார்த்து, ஊசி வாயை இறக்கிவிட்டால் பெண் பூச்சி ஆயுளுக்கும் அங்கேதான். தலைக்கு மேல் தானே ஓடு கட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சியபடி இருக்கும். கருலாஸ்பிஸ் மினிமா, இன்சுலாஸ்பிஸ் பாலிடா என்று இரண்டு வகைச் செதில் பூச்சிகள். அமெரிக்கப் பெருநிலத்திலிருந்து தோட்ட அழகுக்காக வரவழைத்த ஜூனிபர் செடிகளோடு வந்திறங்கியவை. அங்கே அவற்றுக்கு எதிரிகளும் கூடவே இருந்தார்கள். இங்கே எவரும் இல்லை. தீவின் மரமோ இப்படி ஒரு பூச்சியைக் கண்டதே இல்லை.

1940களின் நடுவில் மரங்களின் இலைகள் பழுக்கத் தொடங்கின. 1950களின் நடுவுக்குள் நூற்றில் தொண்ணூறுக்கு மேல் செத்துவிட்டன. மலைமுழுவதும் பச்சையாக இருந்த தீவு ஒரு தலைமுறை வளர்வதற்குள் சாம்பல் நிறமானது. உளுக்காத மரம் என்பதால் செத்த பிறகும் விழவில்லை. ஆண்டுக்கணக்கில் எலும்பாக நின்றன. ஒக்லஹோமாக்காரருக்கு ஆறுதலான அதே குணம் இங்கே வினையாயிற்று. இலை முழுவதும் போன மரம் திரும்பத் தளிர்க்கவில்லை.

காப்பாற்றவும் முயன்றார்கள். பொறிவண்டுகளும் ஒட்டுண்ணிக் குளவிகளும் பெட்டி பெட்டியாக வந்தன. தின்னவேண்டியதைத் தின்று பெருகுவதற்குள் பல பொறிவண்டுகள் ஓணான் வாயில் போயின. அந்த ஓணானும் தானாக வந்ததல்ல. பழ ஈயைத் தின்னட்டும் என்று 1905இல் ஜமைக்காவிலிருந்து கொண்டுவந்த அனோல். சரி, ஓணானைத் தின்ன ஒரு பறவை வேண்டும் என்று 1957இல் டிரினிடாடிலிருந்து கிஸ்கடி என்ற மஞ்சள் வயிற்றுக் குருவிகள் வந்தன. மரம் அதற்குள் செத்திருந்தது. கிஸ்கடி ஓணானையும் தின்றது, பழத்தையும் தின்றது, தீவுக்கே உரிய சிறு பிராணிகளையும் தின்றது. இன்று தீவில் எங்கே காது கொடுத்தாலும் அதன் குரல்தான். செடார் மரத்தோடு வாழ்ந்த தீவின் சில்வண்டு இனத்தின் குரல் இல்லை, அது அழிந்துவிட்டது. ஒன்றைக் கொல்ல ஒன்றை அழைக்கும் இந்த வரிசையைப் படிக்கும்போது சிரிப்பு வருகிறது. வந்த சிரிப்பு பாதியில் நின்றும் போகிறது.

மொட்டையான குன்றுகளுக்குக் காற்றுத்தடுப்பு வேண்டுமே. எதை நட்டார்கள் தெரியுமா? சவுக்கு. நம் கடற்கரை மணலில் வரிசையாக நின்று, கொம்பாகவும் பந்தல் காலாகவும் விறகாகவும் வீட்டுக்கு வரும் அதே கேசுவரினா எக்விசெடிஃபோலியா. பெர்முடாவில் அது மளமளவென்று வளர்ந்தது. அதன் சருகு மெத்தைக்குக் கீழே வேறு விதை எழும்புவதில்லை. சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் வேர் இறக்கி ஓங்கி நின்றுவிட்டு, புயலில் சாயும்போது பாறை விளிம்பையும் பெயர்த்துக்கொண்டு கடலில் விழுகிறது. நமக்கு உழைக்கிற மரம். அவர்களுக்குக் கரையைத் தின்கிற மரம்.

பிழைத்தவை சில. நூற்றுக்கு ஐந்தோ அதற்கும் குறைவோ. அவற்றில் சிலவற்றுக்குப் பூச்சியைத் தாங்கும் சக்தி ஏதோ இருந்திருக்க வேண்டும். அவற்றின் விதைகளிலிருந்துதான் மறுபடி தொடக்கம். 1951இல், அழிந்தே போனதாக முந்நூறு ஆண்டுக்கு மேல் எண்ணியிருந்த கஹோவ் என்ற கடற்பறவையைப் பாறைப் பொந்தில் கண்டுபிடித்தவர்களோடு டேவிட் விங்கேட் என்ற 15 வயதுப் பையன் இருந்தான். பின்னாளில் அவரே அந்தப் பறவைக்காக நான்சச் என்ற சிறுதீவில் குடியேறி, செத்த செடார்கள் நின்ற அந்தத் தரையில் தீவின் பழைய காட்டைக் கன்று கன்றாக நட்டார். சவுக்கையும் நட்டார், கன்றுகளுக்கு மறைப்பாக. அவை தலையெடுத்ததும் சவுக்கின் பட்டையைச் சுற்றிலும் அறுத்துச் சாகவிட்டார். அந்தத் தீவில் இப்போது செடார் நிழல் உண்டு.

மற்ற இடங்களில் வேலை தொட்டிகளில் நடக்கிறது. நாற்றுப்பண்ணை மேசைமேல் விரல் உயரக் கன்றுகள். ஊசியிலைப் பருவம், இன்னும் செதில் வரவில்லை. ஒருவர் தொட்டி தொட்டியாகத் திருப்பி இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு போகிறார். கல்யாண வீட்டில் கேக்கின் உச்சியில் ஒரு செடார்க் கன்றைச் செருகிவைப்பது இங்கத்திய வழக்கம். விருந்து முடிந்ததும் மணமக்கள் அதை வீட்டு முற்றத்தில் நடுவார்கள். இந்த மரம் பெர்முடாவின் இனப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. சிவப்புப் பட்டியலில் இதற்கு எதிரே ‘மிக அருகிவிட்ட இனம்’. இயற்கை வாழிடத்தில் அற்றுப்போவதற்கு ஒரு படி முன்னால்.

இந்த இடத்தில் இன்னொன்றும் சொல்லவேண்டும். நெப்போலியன் செத்த செயின்ட் ஹெலினாவுக்கும், அதன் அண்டைத் தீவான அசென்ஷனுக்கும் யாரோ எப்போதோ பெர்முடா செடாரைக் கொண்டுபோய் நட்டார்கள். அங்கே அது செழித்துத் தானாகப் பரவியிருக்கிறது. அசென்ஷனின் பசுமலையில் உள்ளூர்ச் செடிகளை நெருக்கும் வந்தேறிகளில் அதுவும் ஒன்று. பிறந்த மண்ணில் தொட்டில் பிள்ளை, போன இடத்தில் களை. அக்காளின் அடாவடி தங்கையின் ரத்தத்திலும் இருக்கிறது. பெர்முடாவில் அதற்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அக்காள் பெர்முடாவுக்கும் வந்துவிட்டாள். 1950களில், செத்த செடார்களின் இடத்தை நிரப்ப, பார்க்க அதேபோல இருக்கிறதே என்று ரெட் செடார் நாற்றுகளைப் பெருநிலத்திலிருந்து வாங்கி நட்டார்கள். நல்ல எண்ணம்தான். குளிர்காலக் கடைசியில் ஆண்மரத்தின் நுனிகள் மஞ்சள் பழுப்பாக மாறும். அப்போது கிளையைத் தட்டினால் மகரந்தம் மஞ்சள் புகையாகக் கிளம்பி வேலி தாண்டிப் போகிறது. ஜூனிபருக்குத் தேனீ தேவையில்லை, காற்று போதும். 2008இல் விங்கேட்டும், ஜூனிபர் இனங்களையே வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்ட ராபர்ட் ஆடம்ஸும் தீவின் மரங்களைச் சோதித்துவிட்டு, இரண்டும் கலந்து பிறந்த மரங்கள் இருக்கின்றன என்று எழுதினார்கள். கண்ணால் பார்த்துப் பிரித்தறிவது கடினம். இலை எண்ணெயையும் டிஎன்ஏவையும் ஆய்வகத்தில் பார்க்கவேண்டும். பூச்சியால் வந்த சாவு சாம்பல் நிறத்தில் ஊருக்கே தெரிந்தது. இது தெரியாது, மரம் பச்சையாகவே இருக்கும், செடார் என்றே பெயரும் இருக்கும்.

விதைக்காலம். ஏணியில் ஒருவர் ஏறி நின்று நீலக் காய்களைப் பறித்துத் துணிப்பையில் போடுகிறார். கீழே நிற்பவர் மரத்தைப் பார்க்கவில்லை. காற்று வரும் பக்கமாகத் திரும்பி, அடுத்த வீட்டுச் சுவருக்குள் நிற்கும் கூம்பு வடிவ மரத்தைக் கண்ணிடுக்கிப் பார்க்கிறார். தாய்மரம் பெர்முடா செடார்தான், அதில் சந்தேகமில்லை. தகப்பன் யாரென்பது கன்று வளர்ந்து, அதன் இலையைக் கிள்ளி ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் தெரியும்.